மிளகிக்கு மருந்துக் குளியல்

ஜனவரி 1

வயர் கம்பெனி ஏஜென்ட் இந்த டைரியைக் கடையில் வைத்துவிட்டுப் போனார். போன வருஷ டைரி முழுவதும் ராமலட்சுமி கோலம் போட்டுப் பழகியே தீர்த்துவிட்டாள். இந்த வருஷம் கோலம் போட அவள் வீட்டில் இல்லை. அதனால் நானே எழுதிப் பார்க்கிறேன். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு டைரி எதற்கு என்று இசக்கி சிரிப்பான். இசக்கி பக்கத்துக் கடையில் பைக் ரிப்பேர் பார்ப்பவன். எதற்கும் சிரிப்பான்.

வளைகாப்பு முடிந்த கையோடு ராமலட்சுமியைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கழுகுமலைப் பக்கம். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் கண்ணயர்வதற்குள் ஊர் வந்துவிடும். நவம்பரில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை கையில் கொடுத்தார்கள். என் பெரிய ஸ்பானரை விட லேசாக இருந்தாள். இந்த மாதம் பத்தாம் தேதி மூன்றாவது மாதம் பிறக்கிறது, பொங்கல் கழிந்ததும் இருவரும் வந்துவிடுவார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை மாதத்தில்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுப் படியேற வேண்டும் என்பது அத்தை வீட்டுச் சட்டம்.

மிளகி இன்று முழுக்கச் சொறிந்துகொண்டே இருந்தாள். பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

மத்தியானம் கட்டிலில் ராமலட்சுமியின் பழைய சுங்குடிச் சேலையை விரித்துப் படுத்தேன். மிளகியும் ஏறி அதன் முந்தானைப் பக்கமாகப் படுத்தாள். விரட்டவில்லை. அவளுக்கும் உரிமை உண்டு.

ஜனவரி 4

மிளகி யாரென்று எழுதாமல் விட்டுவிட்டேன். கல்யாணத்தில் எனக்குச் சீராக வந்த கன்னி நாய். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் பழுப்புப் பொட்டு, ஓடினால் காற்று. இந்த ஜாதி நாயை மாமா வீட்டில் யாருக்கும் விற்க மாட்டார்கள், பெண்ணோடு கொடுப்பதோடு சரி. முதலில் ராமலட்சுமியின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார்கள். பிறகு நாயின் கயிற்றை வைத்தார்கள். "எங்க வீட்டுப் பிள்ளையா வச்சிக்கிடுதேன்" என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு பேருக்குப் பொறுப்பாகிவிட்டேன்.

உண்மையில் அது அவள் நாய். எனக்கு வாலை ஆட்டுவது மரியாதைக்கு.

இன்று பார்த்தால் காதோரத்தில் முடி உதிர்ந்து, தவிடு ஒட்டியதுபோல் பொருக்குத் தட்டியிருக்கிறது. முழங்கை இரண்டும் வழுக்கை. இசக்கி பார்த்துவிட்டு, சொறிக்குக் கழிவு ஆயிலை விட மருந்து கிடையாது என்றான். அவன் கடையில் பைக்கிலிருந்து இறக்கிய ஆயில் டின் டின்னாகக் கிடக்கிறது. ஒரு டப்பாவில் கொடுத்தான். தலையிலிருந்து வால் வரைக்கும் தடவினேன்.

ஜனவரி 6

நேற்று முழுக்க வாந்தி. உடம்பை நக்கி நக்கி ஆயிலை உள்ளே இறக்கியிருக்கிறாள். காலையில் எழுந்து நிற்கவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு, ஆட்டோவில் மடியில் கிடத்தி, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சட்டையெல்லாம் கறுப்பு.

டாக்டர் பெயர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். ஆயில் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது ஈரலையும் கிட்னியையும் கெடுக்கும் என்று திட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பால் நாயைக் கழுவச் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றினார். பிறகு மிளகியின் காது நுனியை மடித்து, இரண்டு விரலால் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அவளுடைய பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிந்தது. பலமே இல்லாமல் கிடந்தவள், கால் மட்டும் ஆடியது. காதைத் தேய்த்தால் கால் இப்படி ஆடுவது இந்தச் சொறிக்கு அடையாளமாம்.

பிளேடால் காதோரத்தைச் சுரண்டி, எடுத்ததைக் கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக ஒன்று குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத உண்ணி. தோலுக்குள் குடைந்து வீடு கட்டி, உள்ளேயே முட்டை வைக்குமாம்.

வாரம் ஒரு ஊசி, வாரம் ஒரு மருந்துக் குளியல், புண்ணுக்கு மாத்திரை. நாய் படுக்கிற துணி எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். மனுஷனுக்கும் தாவும் என்றார்.

"உங்க வீட்ல வேற யார் இருக்கா?"

யாரும் இல்லை என்றேன். சொல்லும்போது என்னவோபோல் இருந்தது. அம்மா சாத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ராமலட்சுமி அங்கே. யாரும் இல்லை என்பது உண்மைதானே.

ஜனவரி 8

மிளகி எழுந்து கஞ்சி குடித்தாள். அவள் தப்பித்த பிறகுதான் ராமலட்சுமிக்குப் போன் செய்தேன். ஆயில் விஷயத்தைச் சொல்லவில்லை. சொறி என்று மட்டும் சொன்னேன். போனை மிளகி காதில் வைக்கச் சொன்னாள், வைத்தேன். என்ன பேசினாளோ, மிளகி வாசலுக்கு ஓடிப் போய் தெருவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள்.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதற்குள் போன் அத்தை கைக்குப் போய்விட்டது.

ஜனவரி 9

முதல் மருந்துக் குளியல். கையுறை போட்டுக்கொண்டு, அளந்து கலந்த மருந்தை முடிக்கு அடியில் தோலில் படும்படி ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் விட்டு அலசக்கூடாது. நிழலில் அப்படியே காய வேண்டும். காயும்வரை நக்கவும் கூடாது. அதற்குக் கழுத்தில் புனல்போல் ஒன்று மாட்ட வேண்டும் என்றார் டாக்டர். கடையில் மோட்டாருக்குப் போடும் இன்சுலேஷன் பேப்பர் இருந்தது. வெட்டி வளைத்து டேப் ஒட்டி மாட்டினேன். கல்யாண வீட்டு ஸ்பீக்கர்போல் வீடெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தாள். தனியாகச் சிரிப்பது நன்றாகவே இல்லை.

போர்வை, தலையணை உறை, சாக்கு, என் கைலி எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். வீட்டில் ஒரு துணி பாக்கி இல்லை.

சாயங்காலம் சேலையை விரித்துப் படுத்தோம்.

ஜனவரி 12

என் முன்கையிலும் இடுப்பிலும் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளி. அரிப்பு.

ஜனவரி 14

வேலையில் கையே நிற்க மாட்டேன் என்கிறது. நேற்று ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் சுற்றும்போது இடுப்பைச் சொறியப் போய்ச் சுற்று தப்பிவிட்டது. மறுபடி பிரித்துக் கட்டினேன். வந்தவர் முறைத்தார்.

ஜனவரி 18

பொங்கல் பார்க்கக் கழுகுமலைப் பக்கம் போயிருந்தேன். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன், புள்ளி தெரியாமல் இருக்க. பஸ்ஸில் முழுவதும் ஒரே நினைப்புதான். பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், தலையை முகர வேண்டும். கூட்டிவரும் தேதியையும் பேசி முடித்துவிட வேண்டும்.

நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. சொறிவதை எவ்வளவு நேரம்தான் மறைப்பது? காப்பியைக் கையில் கொடுக்காமல் ஸ்டூலில் வைத்தாள். பாப்பாவைக் கொண்டு வந்த ராமலட்சுமியை நடையிலேயே நிறுத்தினாள்.

"தப்பா எடுத்துக்கிடாதிய மாப்பிள்ள. பச்சப்பிள்ள தோலு, தாங்காது."

தப்பாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. அவள் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ராமலட்சுமி நடையில் நின்றபடியே பாப்பாவைத் தூக்கிக் காட்டினாள். மூக்கு என் மூக்காம். எனக்கு அங்கிருந்து மூக்கு தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. வாங்கிப் போயிருந்த வளையலை ஸ்டூலில் வைத்தேன். கழுவிவிட்டுப் போடுவதாக அத்தை சொன்னாள்.

மூன்றாம் மாதம் தள்ளிப்போயிற்று. நாலாம் மாதம் ஆகாது. ஐந்தாம் மாதம் மார்ச்சில் பிறக்கிறது. அதற்குள் நாயும் நானும் சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் ஏழுதான் என்று அத்தை சொன்னாள். நாயை இங்கே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லவும் மாமாவால் முடியாது, குழந்தை இருக்கிற வீடு.

பஸ் ஸ்டாப் வரைக்கும் ராமலட்சுமி வந்தாள். தள்ளித்தான் நடந்தாள். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம் இருந்தது.

"வீட்டுக்குப் போனதும் மிளகிய நான் கேட்டேன்னு சொல்லுங்க. காதப் பதமா தடவிக் குடுங்க" என்றாள்.

"எனக்கு?"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

ஜனவரி 19

கடை திறக்கவில்லை.

ஜனவரி 27

நான்காவது ஊசி. மிளகி இப்போது ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும் ஆட்டோவிலிருந்து இறங்க மறுக்கிறாள். முழங்கையில் எலிமுடிபோல் மெல்லியதாகக் கறுப்பு துளிர்த்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறாள். வாரம் ஒரு நாள் ஆட்டீரல் வேகவைத்துக் கொடுக்கிறேன். எனக்குப் பழைய சோறுதான்.

இசக்கி வந்து பார்த்துவிட்டு, ஆயில்தான் வேலை செய்திருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறான்.

பிப்ரவரி 3

மிளகிக்குத் தேவலை. எனக்குத்தான் தேறவில்லை. தோல் டாக்டரிடம் போனேன். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை தடவ ஒரு கிரீம் கொடுத்தார். முதுகுக்கு எட்டவில்லை. முதுகு எட்டாமல் போகும்போதுதான் வீட்டில் ஆள் இல்லாதது முழுசாகத் தெரிகிறது. மரக்கரண்டியின் பின்பக்கத்தில் தடவி எப்படியோ முடித்தேன். ராமலட்சுமி இருந்திருந்தால் தடவிவிட்டு, கையோடு முதுகில் ஒரு அடியும் போட்டிருப்பாள். அந்த அடி வேண்டும்போல் இருக்கிறது.

துணியெல்லாம் மறுபடி கொதிக்க வைத்தேன். கட்டிலுக்கு வெந்நீர் ஊற்றி வெயிலில் போட்டேன்.

பிப்ரவரி 5

ராமலட்சுமி போன் செய்தாள். பாப்பா குப்புற விழப் பார்க்கிறாளாம். பக்கத்தில் பாப்பா என்னவோ சத்தம் போட்டது கேட்டது. போனை அப்படியே பாப்பா பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார் என்றேன். வைத்தாள். நான் கடையில் வயர் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அத்தை வந்து, யார் போனை இப்படிப் போட்டது என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 12

மிளகியின் இடது காதோரத்தில் மறுபடி பொருக்கு. எனக்கு அக்குளுக்குக் கீழே புதுப் புள்ளிகள்.

எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை. ஊசி போடாமல் இருந்ததில்லை, குளியல் விட்டதில்லை, துணி பாக்கியில்லை.

பிப்ரவரி 15

டாக்டர் எஸ்தர் காதைத் தேய்த்தார். பின்னங்கால் லேசாக ஆடியது. அவர் முகம் சுருங்கியது.

மருந்து வேலை செய்கிறது, ஆனால் எங்கிருந்தோ திரும்ப ஏறுகிறது என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார். தெருநாய் ஏதாவது வருகிறதா? இல்லை. சாக்கு? எரித்துவிட்டேன். கழுத்துப்பட்டை? மாற்றிவிட்டேன். போர்வை? கொதித்துக் கொதித்து நூலாகிவிட்டது.

"நாய் எங்க படுக்குது?"

"என் கூடத்தான்."

"எதுல தம்பி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக அது ஒரு துணி என்றே எனக்குத் தோன்றவில்லை. அண்டாவைப் பற்றவைக்கும்போதெல்லாம் சேலையை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, மற்றதைக் கொதிக்கவைத்துவிட்டு, மறுபடி எடுத்து விரித்திருக்கிறேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. காத்திருந்த ஆட்டுக்காரர்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்காரி சேலைங்க. அவ பிரசவத்துக்குப் போயிருக்கா."

"துவைக்கலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அதத் துவைக்கிற வரைக்கும் அவங்க வர முடியாது தம்பி" என்றார்.

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். நல்ல பிளாஸ்டிக் கவரில் காற்றுப் புகாமல் கட்டி, மூன்று நான்கு வாரம் தொடாமல் வைத்தால் உண்ணி தானாகச் செத்துவிடும், பிறகு துவைக்காமலே எடுக்கலாம் என்றார். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"பிரிக்காம இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன்.

பிப்ரவரி 16

உரக்கடையிலிருந்து கெட்டியான கவர் வாங்கி, சேலையை உள்ளே வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மோட்டார் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டி, பரணில் போட்டேன். இனி தண்ணீர்கூடப் போகாது.

மிளகி பரணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புத்திமதி சொன்னேன்.

பிப்ரவரி 20

கவரில் ஒரு ஓரம் டேப் விட்டிருக்கிறது. எலியாக இருக்கும். மறுபடி ஒட்டிவிட்டேன்.

பிப்ரவரி 22

எலித்தொல்லை.

பிப்ரவரி 24

மூன்று நாளாக முகத்தில் அரிப்பு. கன்னத்திலும் கழுத்திலும் புள்ளி. வேறெங்கும் இல்லை, முகத்தில் மட்டும்.

மத்தியானம் அத்தை போன். என் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டாள். மார்ச் வரப்போகிறது, இன்னும் சரியாகவில்லை என்றால் நாயை எங்காவது தோட்டத்தில் கொண்டு விட்டுவிடுங்கள், பிள்ளைக்கு மேலா நாய் என்றாள். அவள் கொடுத்த சீரைப் பற்றி அவளே இப்படிப் பேச எவ்வளவு பயந்திருக்க வேண்டும்! பிறகு போனை ராமலட்சுமி வாங்கினாள்.

"மிளகிய எங்கயும் விட்டுறாதிய" என்றாள். பிறகு, "எனக்கு இங்க இருக்க முடியலங்க. பிள்ள உங்க முகமே தெரியாம வளந்துரும்போல இருக்கு."

பிப்ரவரி 25

எலி இல்லை. நான்தான் பிரித்தேன். பிரித்து முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்தேன், ஒரு தடவை இல்லை.

காலையில் அண்டாவை முற்றத்தில் வைத்து அடுப்பை மூட்டினேன். பரணிலிருந்து இறக்கினேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை, அடுப்படியில் நின்றுவிட்டு வந்து முகத்தைத் துடைப்பாளே அந்த வாசனை. ஏற்கெனவே குறைந்துபோய்த்தான் இருந்தது. பாதி என் வாசனையும் நாய் வாசனையும். இல்லாததைத்தான் இத்தனை நாளாக முகர்ந்துகொண்டிருந்தேனோ என்னவோ. எனக்கு இந்தச் சேலை வேண்டாம், அவள் வேண்டும் என்று அண்டாவின் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

போட்டேன். கத்தரிப்பூச் சாயம் இறங்கித் தண்ணீர் மாறியது. குச்சியால் அமுக்கி அமுக்கி விட்டேன். மிளகி பக்கத்தில் வந்து நின்று அண்டாவைப் பார்த்து ஊளையிட்டாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதுவதற்கு.

பிப்ரவரி 26

சேலை காய்ந்துவிட்டது. மிளகி முகர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கமே திரும்பவில்லை. வாசலில் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 4

அரிப்பு இல்லை. எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 9

முகம் தெளிந்துவிட்டது. முன்கையில் தழும்பு மட்டும் நிற்கிறது. மிளகியின் காதோரம் வெல்வெட்டுபோல் ஆகிவிட்டது. நேற்று தெருவில் ஒரு பூனையைத் துரத்திக்கொண்டு ரயில்வே லைன் வரைக்கும் ஓடினாள். பின்னாலேயே ஓடிப்போய், கத்தி, திட்டி, தூக்கிக்கொண்டு வந்தேன். ஓடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள் என்பது வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கும்போதுதான் புரிந்தது.

மார்ச் 13

டாக்டர் எஸ்தர் காதைத் தேய்த்தார். கால் அசையவில்லை. மறுகாது. அசையவில்லை. இரண்டு மூன்று இடத்தில் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு, நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். முடித் துணுக்கு, தோல் செதில், அவ்வளவுதான். தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றுமே நகரவில்லை. ஒன்றுமில்லாததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

கவர் கட்டினீர்களா என்று கேட்டார். துவைத்துவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டைக் கூப்பிட்டார்.

மார்ச் 16

அத்தைக்கு டாக்டர் வார்த்தை போதாது. மாமாவை அனுப்பியிருந்தாள். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் மிளகியின் காதைத் தூக்கிப் பார்த்தார், கால் விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தார், வயிற்றை வெயிலில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, சட்டையைக் கழற்ற முடியுமா மாப்பிள்ள என்றார். கழற்றினேன். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்.

எல்லாம் முடிந்து அத்தைக்குப் போன் போட்டார்.

"ரெண்டும் சுத்தமா இருக்கு" என்றார்.

ரெண்டும் என்றது என்னையும் நாயையும். எனக்குக் கோபமே வரவில்லை. இருபதாம் தேதி நல்ல நாளாம்.

மார்ச் 19

வீடு பெருக்கினேன். கழுவினேன். மறுபடி பெருக்கினேன். இசக்கி வந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்டான். ஆயில் கையோடு எதையும் தொடாமல் வாசலில் நிற்கச் சொன்னேன், நின்றான்.

மார்ச் 20

காலையிலேயே வேன் எடுத்துக்கொண்டு போனேன். மிளகியை வீட்டில் இசக்கி பார்த்துக்கொண்டான்.

அங்கே போய்ப் பழக்க தோஷத்தில் முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வாங்க என்று யாரும் சொல்லாமல் எழுந்திருக்கத் தோன்றவில்லை. ராமலட்சுமி நடையில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். என்னையே பார்த்தாள். அத்தைதான் உள்ளேயிருந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்று, என் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. என் முன்கையில் தழும்பு இருந்த இடத்தைத் தடவினாள்.

"ரொம்பத்தான் கஷ்டப்படுத்திட்டேன் மாப்பிள்ள" என்றாள்.

பாப்பா இப்போது கனமாக இருக்கிறாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், வீறிட்டு அழ ஆரம்பித்தாள். யாரோ ஒருவன் என்றுதானே அவளுக்கு! ராமலட்சுமி சொன்னது சரியாகப் போயிற்று.

வேனில் ஏறியும் அழுகை நிற்கவில்லை. ராமலட்சுமி இரண்டு தடவை கை நீட்டினாள். அத்தை பின் சீட்டிலிருந்து, அம்மாகிட்ட குடுத்துருங்க, பழகிக்கிடுவா என்றாள். நான் கொடுக்கவில்லை. அழட்டும், என் கையில் அழட்டும் என்று இருந்தேன். இத்தனை நாளும் போனில்தான் அந்தச் சத்தம். இப்போது அது என் நெஞ்சின் மேலேயே அதிர்ந்தது. கழுகுமலை தாண்டி, கோவில்பட்டி ஊருக்குள் நுழைந்து, வேன் எங்கள் தெருவில் திரும்பும்வரை அழுதாள்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு இசக்கியின் மனைவி நின்றாள். ராமலட்சுமி வேனிலிருந்து ஒரு காலை இறக்கியதும் மிளகி இசக்கியின் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்தாள். பட்டுச் சேலையோடு ராமலட்சுமி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். மிளகி அவள் முகம், காது, கழுத்து என்று நக்கித் தீர்த்தாள், என்றைக்கும் கேட்காத ஒரு குரலில் முனகினாள். ராமலட்சுமி அவளுடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொல்லி அழுதாள். அத்தை, ஆரத்தி எடுக்காமல் இதென்ன கூத்து என்று வேனுக்குள்ளிருந்தே சத்தம் போட்டாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

எங்கள் இரண்டு பேரையும் யாரும் கவனிக்கவில்லை. வேனின் கதவோரம் நான் பாப்பாவை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, அழுகை நின்றிருந்தது. அம்மாவையும் நாயையும் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்க்க முன்னால் சாய்ந்தாள், விழுந்துவிடாமல் இருக்க என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராமலட்சுமி எழுந்து வரும்வரை நான் அசையவே இல்லை.